வாசகர் கேள்வி பதில்: பாராட்டுப் பெற்ற இறுவட்டு காதைக் குத்துவது ஏன்?

கிளிநொச்சி வாசகர்: மெற்றாலிக்கா என்ற மெற்றல் இசைக்குழுவின் 'டெத் மக்னெற்றிக்' இறுவட்டை மீள்வருகை என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். எனக்கோ இரண்டு பாட்டுக் கேட்டதும் காது களைத்துப்போகிறது. ஹெட்போனிலா கோளாறு?

பதில்: ஹெட்போனில் இல்லை. விமர்சகர்கள் சொன்னதும் பொய்யில்லை. 2003இல் வந்த 'சென்ற் ஆங்கர்' இறுவட்டில் தனிக் கிற்றார் வாசிப்பே கிடையாது. ஸ்னேர் றம் தகர வாளியில் தட்டியது போலக் கேட்டது. 2008 செப்ரெம்பரில் றிக் றூபின் தயாரிப்பில் வந்த 'டெத் மக்னெற்றிக்'கில் நீண்ட பாட்டுகளும் குழுவின் கிற்றார் கலைஞர் கேர்க் ஹமெற்றின் தனி வாசிப்பும் திரும்பிவந்தன. பாராட்டு அதற்கு. பழுது, சத்தத்தை ஏற்றிய விதத்தில்.

டிஜிற்றல் ஒலியில் 0 டெசிபலுக்கு மேல் இடமில்லை. மெல்லிய இடங்களையெல்லாம் உயர்த்திக்கொண்டே போனால் றம் அடியின் முனை அங்கே முட்டி வெட்டுப்படும், கரகரப்பு அதனால்தான். ஏற்ற இறக்கமும் தொலைவதால் காதுக்கு ஓய்வே கிடைக்காது. இதே பாட்டுகள் 'கிற்றார் ஹீரோ' வீடியோ விளையாட்டிலும் வந்தன, இந்த நசுக்கல் இல்லாமல். இரண்டையும் ஒப்பிட்ட இரசிகர்கள் கொதித்துப்போனார்கள். மறுபடி மிக்ஸ் செய்யக் கோரி 10,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். தன் கைக்கு வரும்போதே ஒலி நசுங்கித்தான் இருந்தது என்று மாஸ்ரரிங் (வெளியீட்டுக்கு முந்திய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்த ரெட் ஜென்சன் சொன்னார். ஆகவே அவரைத் திட்டுவது நியாயமில்லை.

நீங்களே பார்க்கலாம். ஒடாசிற்றி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாட்டைத் திறந்து, 'வியூ' பட்டியலில் 'ஷோ கிளிப்பிங்' கொடுங்கள். வெட்டுப்பட்ட இடங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். எம்பி3 கோப்பில் மாற்றத்தாலேயே சில கோடுகள் வரும் என்பதால், இறுவட்டிலிருந்து நேரே எடுத்த வேவ் கோப்பில் பாருங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: அப்படியான கோப்பை 6 டெசிபல் குறைத்தால் சரிவருமா?

பதில்: வராது. வெட்டுப்பட்ட அலை அதே வடிவத்தில் சிறிதாகும், அவ்வளவுதான். ஒடாசிற்றியின் 'கிளிப் ஃபிக்ஸ்' வசதி தொலைந்த முனையை ஊகித்து வரையும். ஓரிரு அடிக்கு உதவும், முழுப் பாட்டுக்கு உதவாது. கேட்கும்போது ஈக்குவலைசரில் (ஒலியின் உயர், தாழ் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 3 முதல் 5 கிலோஹேர்ட்ஸ் வரை 2, 3 டெசிபல் இறக்கினால் குத்தல் தணியும்.

மாங்குளம் வாசகர்: எங்கள் குழு இரண்டு மெற்றல் பாட்டுப் பதிந்தது. மற்றவர்களின் பாட்டுக்குப் பக்கத்தில் போட்டால் சத்தம் காணாது. எவ்வளவு ஏற்றலாம்?

பதில்: ஏற்றுவதற்கு முன் பதிவைப் பாருங்கள். 24 பிற்றில் பதியுங்கள். உச்சம் மைனஸ் 10 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். கிற்றார் கெயினை வழமையில் அரைவாசிக்குக் குறையுங்கள். கெயினைக் கூட்டினால் வரும் கரகரப்பான டிஸ்ரோர்ஷன் ஏற்கெனவே நசுங்கிய ஒலி. கூட்டக் கூட்ட நுளம்பு இரைச்சல்தான் மிஞ்சும். கனம் வேண்டுமென்றால் ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே பதிவைப் பிரதியெடுத்து வைத்தால் அகலம் வராது. கிற்றாரில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் பேஸ் கிற்றாருக்கும் கிக் றம்முக்கும் இடம் கிடைக்கும். பெரும்பாலான வீட்டுப் பதிவுகள் மங்குவது இங்கேதான்.

கடைசியில் லிமிற்றர், அதாவது ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் அமுக்கும் கருவி. எல்லை மைனஸ் 1 டெசிபல். மிகச் சத்தமான இடத்திலும் அது 2, 3 டெசிபலுக்கு மேல் அமுக்கக்கூடாது. ஸ்னேரின் சுள்ளென்ற அடி மழுங்கினால் உடனே பின்வாங்குங்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பொற்றிஃபை, கேட்பவர் அமைப்பை மாற்றாவிட்டால், எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். நீங்கள் நசுக்கி ஏற்றிய சத்தத்தை அது இறக்கிவிடும். நசுங்கல் மட்டும் அப்படியே இருக்கும். திருவிழா மேடையென்றால், மிக்ஸரில் நிற்பவரிடம் உங்கள் பாட்டுக்குச் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள்.