பழைய புல்லட்: எந்த வருஷத்துக்கு எந்தப் பாகம்? – கேள்வி பதில்

1955-ல் மதராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது வந்த புல்லட் 350-இன் அடிப்படை வடிவம், பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவேயில்லை. பழசைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இது வரம். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. 90-களில் வந்த பாகம் 60-களின் வண்டியில் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டதாலேயே அது அந்த வண்டிக்கு உரியது ஆகிவிடாது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றியே இருக்கின்றன.

அண்ணே, ஆர்சியில் 1978 என்று இருக்கு. டேங்கில் 'ராயல் என்ஃபீல்டு' எழுதலாமா? ஒரிஜினல் கலரும் தெரியவில்லை.

'ராயல்' வேண்டாம் தம்பி. அப்போது கம்பெனி பெயரே என்ஃபீல்டு இந்தியா. ஐஷர் கம்பெனி கைக்குப் போன பிறகு, 1994-ல்தான் ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ் என்று மாறியது. உங்கள் வண்டிக்கு 'என்ஃபீல்டு' மட்டும் போதும்.

கலரை வண்டியிடமே கேளுங்கள். டேங்கைப் பெயின்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டச் சொல்லிவிடாதீர்கள், இருக்கிற சாட்சியும் போய்விடும். யார் கண்ணிலும் படாத இடமாக, டேங்கின் அடியிலோ சீட்டுக்குக் கீழோ, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நைஸ் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள்) தண்ணீர் தொட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு பெயின்டும் ஒரு வளையமாக விரியும். நடுவில், பிரைமருக்கு (அடிப்பூச்சு) ஒட்டினாற்போல் தெரிவதுதான் கம்பெனி கலர். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள், மறு பெயின்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் அங்கே கை வைப்பதில்லை. இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாக அடிக்கலாம். டேங்கில் தங்கக் கோடு இருந்திருந்தால் கையால் போடுகிறவரைத் தேடிப் பிடியுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

வலது கால் கியர் பழகவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் இடது பக்க ஃபைவ் ஸ்பீடு பாக்ஸ் மாட்டித் தருகிறேன் என்கிறார். சரியா சார்?

ஓட்ட மட்டும் வண்டி என்றால் உங்கள் விருப்பம். பழையபடி ஆக்குவது நோக்கம் என்றால் கூடவே கூடாது. வலது கால், முதல் கியர் மேலே மற்ற மூன்றும் கீழே, பக்கத்தில் குதிகாலால் அமுக்கினால் நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் நியூட்ரல் ஃபைண்டர் லீவர்: இந்த நான்கு ஸ்பீடு ஆல்பியன் கியர் பாக்ஸ்தான் அந்தக் கால புல்லட்டின் குணமே. கியர் விழாமல் நடுவில் நழுவுகிறதா? பாக்ஸை மாற்றும் முன் வெளிக்கவரைத் திறந்து பாருங்கள். கியரை ஒவ்வொன்றாக நகர்த்தும் ராட்செட்டின் ஸ்டாப் பிளேட்டை நகர்த்தி அட்ஜஸ்ட் பண்ண முடியும். அது சற்றே தள்ளியிருந்தாலும் ஃபால்ஸ் நியூட்ரல் விழும், அதாவது இரண்டு கியருக்கு நடுவில் எதிலும் சேராமல் நிற்கும். நல்ல பாக்ஸ்கள் இதனாலேயே பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன என்பது எனக்கு வருத்தம்.

350-இல் 500-இன் சிலிண்டர் பிளாக் ஏற்றலாமா? ஸ்ட்ரோக் ஒன்றுதானாமே?

ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஒன்றுதான், 90 மி.மீ. சிலிண்டர் விட்டமான போர்தான் வேறு: 350-க்கு 70, 500-க்கு 84. அதாவது 346 சி.சி. 499 ஆகிவிடும். ஆர்சியில் இருப்பதற்கு மாறாக இஞ்சினை அனுமதி இல்லாமல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வேண்டாம்.

6 வோல்ட் ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரிகிறது. 12 வோல்ட் ஆக்கிவிடட்டுமா?

அதற்கு முன் எர்த்தை (ஃபிரேமோடு சேரும் வயர் இணைப்பு) பாருங்கள். ஒரே வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரன்ட் ஓடும். துருப்பிடித்த ஒரு ஜாயின்ட் தின்னும் வோல்ட்டும் இரட்டிப்பாகும், இருப்பதே 6 என்பதால் அந்த இழப்பின் பங்கு நாலு மடங்கு. ஃபிரேமில் எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, டெர்மினல்களைத் துலக்கி, சுவிட்சைக் கழற்றித் துடைத்தாலே வெளிச்சம் நன்றாகத் தேறும். ராத்திரி ஓட்டத்துக்கு அதுவும் போதவில்லை என்றால் 12-க்கு மாற்றுங்கள், பழைய வயரிங்கை மட்டும் வெட்டாதீர்கள். முழுசாகக் கழற்றிக் கட்டி, சீட்டு எழுதி வையுங்கள்.

முன் பிரேக் 6 இஞ்ச். பிந்தைய 7 இஞ்ச் ட்வின் லீடிங் (இரண்டு ஷூவும் அழுத்திப் பிடிக்கும்) பிரேக் மாட்டினால் தப்பா?

ரோட்டில் தினமும் ஓட்டுவீர்கள் என்றால் தப்பில்லை, உயிர் முதலில். பழைய ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) பத்திரப்படுத்துங்கள். டயர் இரண்டுக்கும் 3.25-19 தான், தடிமன் கூட்டாதீர்கள்.

என்ஃபீல்டின் டீசல் புல்லட்டான டாரஸ் ஒன்று மலிவாக வருகிறது. பெட்ரோல் இஞ்சின் போட்டுக்கொள்ளலாமா?

325 சி.சி., சுமார் ஆறரை குதிரைசக்தி என்பதால் அதை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அது அருமையான வண்டி. டீசலாகவே ஓட வைக்க மனமிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் மனமிருக்கிறவருக்கு விட்டுவிடுங்கள்.

அப்பாவின் 1968 வண்டி. விண்டேஜ் பதிவு செய்தால் பழைய நம்பர் போய்விடுமா?

போகாது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். 'வி.ஏ.' வரிசை எண் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: விண்டேஜ் ஆனபின் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் வெளியே எடுக்கலாம். தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற வண்டி என்றால், இப்போதிருக்கும் சாதாரண ஆர்சியைப் புதுப்பித்துக்கொண்டே போங்கள்.