ஒற்றைத் தலைவலி மாத்திரை: விலை கூடினால் வேகமும் கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 38. மாதத்துக்கு நாலைந்து முறை ஒற்றைத் தலைவலி வரும், கூடவே குமட்டல், வாந்தி. மருத்துவர் சுமாட்ரிப்டான் 50 மி.கி. எழுதிக் கொடுத்தார். சில நாள் நன்றாகக் கேட்கிறது, சில நாள் கேட்பதே இல்லை. அதே மருந்து வேறு பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். தோழியோ, நாக்கில் கரையும் மாத்திரை வாங்கு, விலை கூடத்தான், ஆனால் உடனே கேட்கும் என்கிறாள். எதை வாங்கட்டும்?

பதில்: இப்போதைக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். விலை அதிகமாச்சே, வீணாக்கக் கூடாது என்று கடைசி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி முடியாது என்ற நிலையில் போடுபவர்கள்தான் அதிகம், அதில்தான் காசும் வீணாகிறது. சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை மருந்துகள் வலி லேசாக இருக்கும்போதே போட்டால் நன்றாக வேலை செய்யும். வலி ஏறிய பிறகு, இந்த நோயில் இரைப்பையும் மந்தமாகிவிடுவதால், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும், இல்லையென்றால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். சில நாள் கேட்டு சில நாள் கேட்காததற்கு இது காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. (கண்ணில் மின்னல் வெட்டுவது போன்ற அறிகுறி முன்னால் வருபவர்கள் அப்போதே போட வேண்டாம், தலைவலி தொடங்கியதும் போடுங்கள்.)

கரையும் மாத்திரை விஷயத்தில் உங்கள் தோழி மட்டுமல்ல, பலரும் நம்புவது தவறு. அது நாக்கு வழியாக இரத்தத்தில் சேர்வதில்லை. கரைந்து, எச்சிலோடு வயிற்றுக்குப் போய், மற்ற மாத்திரை போகும் வழியில்தான் போகிறது. ரிசாட்ரிப்டான் என்ற இன்னொரு ட்ரிப்டானில் கரையும் வகை, சாதாரண மாத்திரையைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் இரத்தத்தில் உச்ச அளவை எட்டுகிறது. தண்ணீர் குடித்தாலே குமட்டுகிறது என்பவர்களுக்கு அது வசதி, அதற்காக வாங்கினால் சரி, வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வயிற்றைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இருக்கிறது, தோலுக்கடியில் போடும் ஊசி இருக்கிறது, ஊசிதான் எல்லாவற்றிலும் வேகம். அல்லது மெட்டோகுளோப்ரமைடு, டோம்பெரிடோன் மாதிரி வாந்தி நிறுத்தும் மருந்தைச் சேர்த்து எழுத முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பாதி விலை மருந்து பற்றி: அட்டையில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அதேதானா, வேறு மருந்து எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாராளமாக வாங்குங்கள். சுமாட்ரிப்டானும் நாப்ராக்சன் என்ற வலி மருந்தும் சேர்ந்த மாத்திரைகள் உண்டு. அதைப் போட்டுவிட்டு மேலே, நாப்ராக்சன் வகையையே சேர்ந்த ஐபுபுரூஃபனும் ஒன்று போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

அப்புறம், நேரத்தோடு போட்டும் இரண்டு மூன்று முறை கேட்கவில்லை என்றால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். அளவை 100 மி.கி. ஆக்கலாம், வேறு ட்ரிப்டான் தரலாம். ஏழு வகை இருக்கிறது, ஒன்று கேட்காதவருக்கு இன்னொன்று கேட்பது சாதாரணம். வலி போய்த் திரும்பி வந்தால் 2 மணி நேரம் கழித்து இரண்டாவது மாத்திரை போடலாம், 24 மணி நேரத்தில் மொத்தம் 200 மி.கி. தாண்டக் கூடாது. முதல் மாத்திரை துளியும் கேட்கவில்லை என்றால் அதே வலிக்கு இன்னொன்று போட்டுப் பயனில்லை.

கேள்வி: மொத்தமாக வாங்கினால் மலிவு. மருத்துவர் ஏன் கொஞ்சமாகவே எழுதுகிறார்?

பதில்: உங்கள் நல்லதுக்குத்தான். ட்ரிப்டானை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவற்றை 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கும் அதிகமாகப் போட்டு வந்தால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். அந்த வலிக்கும் மாத்திரை போட்டு, மறுபடி வலி வந்து என்று அது ஓயாது. போட்ட தேதியைக் காலண்டரில் குறியுங்கள். எண்ணிக்கை அந்தப் பக்கம் நெருங்கினால், தலைவலி வராமல் தடுக்கும் மருந்து பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. அப்படி ப்ரோப்ரனலால் தந்தால், ரிசாட்ரிப்டான் போடுபவரா என்பதைச் சொல்லிவிடுங்கள், ரிசாட்ரிப்டானின் அளவைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு இருதயத்தில் அடைப்பு. அவருக்கும் இதே தலைவலிதான். என் சுமாட்ரிப்டானைக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ட்ரிப்டான் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இருதய அடைப்பு, பக்கவாதம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. குழாயைச் சுருக்காத புது மருந்துகள் இருக்கின்றன: உப்ரோஜெபான்ட், லாஸ்மிடிடான் இரண்டுக்கும் 2019இலும், ரிமெஜெபான்ட்டுக்கு 2020இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை கடுமை, அதனால் அவருடைய மற்ற மருந்துகளின் பட்டியலை இருதய மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். லாஸ்மிடிடான் என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள், போட்ட பிறகு 8 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. தினமும் ஓட்டித்தான் ஆக வேண்டிய வேலை என்றால் அது அவருக்குச் சரிவராது.