ஆங்கில இலக்கணம்: டீச்சரைக் கேளுங்கள்

கேள்வி: மகன் தொடக்கநிலை ஆறு. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு) ஆங்கிலத்துக்கு அசெஸ்மென்ட் புத்தகங்களாக, அதாவது பயிற்சி நூல்களாக, வாங்கிக் குவித்துவிட்டேன். இலக்கணத்தில் மதிப்பெண் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: புதுப் புத்தகம் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள் அம்மா. செய்து முடித்ததில் தப்பானவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

என்னிடம் வரும் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் 'சிந்தசிஸ்' பகுதியில். 'ஆல்தோ ஹி வாஸ் இல்' என்பதை 'டிஸ்பைட்' போட்டு எழுது என்றால், 'டிஸ்பைட் ஹி வாஸ் இல்' என்று எழுதிவிடுகிறார்கள். 'டிஸ்பைட் ஹிஸ் இல்னஸ்' என்றோ 'டிஸ்பைட் பீயிங் இல்' என்றோ வரவேண்டும். ஒருவர் சொன்னதை 'அவர் சொன்னதாக' மாற்றும்போது 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆவதையும் மறந்துவிடுகிறார்கள். வினைச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்!

பெட்டியில் உள்ள சொற்களைக் கொண்டு பத்தியின் கோடிட்ட இடங்களை நிரப்பும் 'கிராமர் க்ளோஸ்' பகுதியில் ஒரு சொல்லை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அதனால் உறுதியாகத் தெரிந்த இடங்களை முதலில் நிரப்பி, அந்தச் சொற்களை அடித்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், பையனை வாய்விட்டு வாசிக்க வையுங்கள். 'யெஸ்டர்டே ஐ கோ' என்று நண்பர்களோடு பேசட்டும், அதில் தப்பில்லை. விடைத்தாளில் 'வென்ட்' வந்தால் சரி.