கடைசிக் கட்டத்தில் இருக்கும் அப்பா சாப்பிட மறுக்கிறார், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மாமியாரைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மருமகள், அவ்வளவுதான் என் தகுதி. டாக்டர்கள் யாராவது திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். "பெத்த பொண்ணா இருந்தா இப்படிச் செய்வியா" என்று கேட்க வருபவர்களுக்கு மட்டும் பதில் சொல்வதாக இல்லை, அதை ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டேன்.

இனி கீமோ வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள், அப்பா இப்போது வாயையே திறப்பதில்லை, பட்டினி போடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டினி என்று உங்களுக்கே தோன்றியிருக்காது. வந்து பார்த்துவிட்டுப் போன யாரோ சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது என் நாத்தனார்.

அத்தைக்கு மார்பில் ஆரம்பித்த புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. நல்ல சாப்பாட்டுப் பிரியை. கருவாட்டுக் குழம்பு என்றால் மறுசோறு கேட்பவர், முதலில் சோற்றை ஒதுக்கினார், அப்புறம் கஞ்சியை, கடைசியில் ஹார்லிக்ஸைக்கூட. "போதும்மா, உள்ள இறங்கலை" என்பார். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸம்மாதான் எனக்குப் புரியவைத்தார். "சாப்பிடாததால இப்படி ஆகலைம்மா, இப்படி ஆகுறதாலதான் சாப்பாடு பிடிக்கலை." உடம்பு அடங்கத் தொடங்கும்போது பசியே பெரும்பாலும் தெரியாதாம், குடலும் மெதுவாகிவிடுமாம். வலுக்கட்டாயமாக ஊட்டினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம். டிரிப்ஸ் ஏற்றினாலும் அந்தத் தண்ணீரை உடம்பால் வெளியேற்ற முடியாமல் கைகால் வீங்கும், மூச்சு இன்னும் வாங்கும்.

நாத்தனார் சென்னையிலிருந்து வந்து தட்டைப் பார்த்தார். "மூக்குல ட்யூப் வச்சாவது குடுத்திருக்கலாம்ல?" என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை, அது வேறு கதை. படுத்திருந்த அத்தைதான் சொன்னார். "அவ குடுக்கத்தான் செய்யுறா, நான்தான் வேண்டாங்குறேன். நீ சாப்பிட்டியா?"

ட்யூபே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறு நோய்களில் அது உயிர் காக்கும். முடிவு நெருங்கிவிட்டவருக்குப் பெரும்பாலும் உதவாது என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். உங்கள் டாக்டரிடம் இதை நேராகவே கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பதிலாகச் செய்ய நிறைய இருக்கிறது. சுத்தமான துணியை நனைத்து வாயைத் துடைத்துவிடுங்கள், உதட்டில் வாஸலின் தடவுங்கள். கேட்டால், விழுங்க முடிந்தால், ஒரு ஸ்பூன் கொடுங்கள். அத்தை காப்பி கேட்டார். சர்க்கரை வியாதி என்று அத்தனை வருடம் மறுத்த இனிப்போடு, பஞ்சில் தொட்டு நாக்கில் வைத்தேன். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெதுவாகப் புரட்டிப் படுக்கவையுங்கள்.

நாள் நெருங்குவது எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கம் கூடிக்கொண்டே போகும். சிறுநீர் குறைந்து கருத்துப்போகும். பாதம் சில்லிடும், முழங்கால் பக்கம் நீலம்பாரித்த திட்டுகள் வரலாம். மூச்சு கொஞ்ச நேரம் நின்று, பிறகு பெரிதாக இழுத்துத் தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் அது கொடுமை, அவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை என்றார் நர்ஸம்மா. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். இறந்துபோன அக்காவிடம் அத்தை பேசினார். "யாரும் இல்லை அத்தை" என்று நாங்கள் மறுத்துப் பேசவில்லை. சிலர் திடீரென்று ஒருநாள் தெளிவாகப் பேசுவார்கள், தேறிவிட்டார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். கண் மூடியிருந்தாலும் காது கேட்கலாம். கட்டில் பக்கத்தில் நின்று நகைக் கணக்குப் பேச வேண்டாம். எங்கள் வீட்டில் பேசினார்கள்.

பால் ஊற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சம்பிரதாயத்துக்கு எதிரி இல்லை. ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஆளுக்கொரு ஸ்பூன் ஊற்றினால் மூச்சடைக்கும். விரலில் ஒரு துளி தொட்டு உதட்டில் வைத்தால் போதும்.

வலிக்கு மார்ஃபின் (morphine) மாத்திரை கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல இடங்களில் மார்ஃபினை வைத்துக்கொள்வதே இல்லை. 2014-இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கிய பிறகும் பக்கத்து மருந்துக்கடையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இதற்கு நடுவில் எங்களுக்கு இன்னொரு கொடுமை. மாமனார் ரயில்வே, அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். பாத்திரம் தேய்த்தே ரேகை போன கை, மெஷினில் விழவில்லை. "நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். கட்டிலோடு தூக்கி வரவா என்று கேட்டேன். போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று 2021 நவம்பரிலேயே வசதி வந்துவிட்டது. அது அந்தக் கவுண்டர்வரை போய்ச் சேரவில்லை. சாகக் கிடப்பவரை உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்க அலைந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், மன்னியுங்கள்.

கடைசியாக, வீட்டில் உயிர் பிரிந்தால் வந்து பார்த்து எழுதித் தரப்போகும் டாக்டர் யார் என்று இப்போதே பேசி வையுங்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாளின் நகலும் கையில் இருக்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்புறம், உங்கள் வீட்டு நாத்தனாருக்கு யார் போன் செய்வது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நடுராத்திரியில் அதை ஆரம்பிக்க முடியாது.