செத்துப்போன தாத்தா திரும்பி வரலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றை வைத்துத் தொடர்கதை எழுதுகிறேன். ஜப்பானியர் காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் போன தாத்தா இறந்துவிட்டதாக 4ஆம் அத்தியாயத்தில் வருகிறது. இப்போது 31ஆம் அத்தியாயத்தில், 1952இல், அவர் உயிரோடு வந்தால்தான் கதை நகரும். எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் 4ஆம் அத்தியாயத்தை எடுத்து, அவர் இறந்ததை யார் சொன்னார் என்று பாருங்கள். கதைசொல்லியாக நீங்களே "கண்ணை மூடினார்" என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள், வேறு வழி தேடலாம். திரும்பி வந்த கூட்டாளி ஒருவர் "காலராவில போய்ட்டாரு" என்று பாட்டியிடம் சொல்லியிருந்தால் கதவு திறந்தே இருக்கிறது. அவர் பார்த்தது கொட்டகையில் நினைவின்றிக் கிடந்தவரை, பிணத்தை அல்ல. 1893இல் சாகடித்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை எழுத்தாளர் கோனன் டாயில் 1903இல் மீட்டதும் இப்படித்தான். ஹோம்ஸின் நண்பர் வாட்சன் அருவியோரம் கண்டது கால்தடங்களும் கைத்தடியும் ஒரு கடிதமும்தான், பிணத்தை அல்ல.

அடுத்தது கணக்கு. 1943இல் அவருக்கு வயது 45 என்றால் 1952இல் 54. அதோடு, 1948இல் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து மலாயாவில் அவசரகாலம் வந்ததும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாளக் கார்டு கட்டாயமானது. எந்தக் கார்டைக் காட்டித் தோட்டத்துக்குள் வந்தார்? இதற்குப் பதில் இல்லாமல் எழுதினால், அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு வாசகரே போதும், கதை நொறுங்கிவிடும்.

தொடர்கள் பெரும்பாலும் சறுக்குவது இடைப்பட்ட அத்தியாயங்களில். இறப்பை நம்பி யார் யார் என்ன செய்தார்கள் என்று 5 முதல் 30 வரை குறித்துக்கொள்ளுங்கள்: கருமாதி, வெள்ளைச் சேலை, மகன் படிப்பை விட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போனது. அறுத்த தாலியின் குண்டை விற்றுப் பாட்டி அரிசி வாங்கிய காட்சி இருந்தால், தயவுசெய்து அதை அழிக்காதீர்கள். திரும்பி வந்தவர் பாட்டியிடம் முதலில் பார்ப்பது அந்த வெறுங்கழுத்தைத்தான். உங்கள் கையிலிருக்கும் மிகப்பெரிய காட்சி அது. வெளிவந்த அத்தியாயத்தைச் சத்தமில்லாமல் திருத்துவதும் வேண்டாம், படித்தவர்கள் மறப்பதில்லை.

31க்கு முன் ஐந்தாறு அத்தியாயங்களில் ஒரே ஒரு விதை போதும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பாட்டியைக் கண்டால் அந்தக் கூட்டாளி முகம் திருப்பிக்கொள்வதுதான் அது. தாத்தாவை விட்டுவிட்டு வந்த குற்றவுணர்ச்சிதான் காரணம் என்பது பிறகு விளங்கும். கனவு, இரட்டைப் பிறவி, நினைவு மறதி எதுவும் வேண்டாம்.

விளக்கம் அரைப்பக்கத்தைத் தாண்டக் கூடாது, அதையும் கூட்டாளியின் வாயாலேயே சொல்ல வையுங்கள். அதனால் தாத்தா தன் குடும்பம் இருக்கும் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) போகுமுன் கூட்டாளி வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.