வலிக்காத புண்தான் என் பயம்

கேள்வி: 58 வயதான என் அப்பாவுக்குச் சீனி வருத்தம். உள்ளங்காலில் மூன்று வாரமாகப் புண். வலியே இல்லை என்று வயலுக்குப் போய்வருகிறார். மஞ்சள் பூசி, பார்மசியில் வாங்கிய அன்டிபயோட்டிக்கும் கொடுத்தோம். சீனியை உணர்ந்து தானே மருந்து விடும் 'ஸ்மார்ட் ஜெல்'லை யூடியூப்பில் பார்த்தேன். வெளிநாட்டிலுள்ள அண்ணாவிடம் சொல்லி எடுப்பிக்கவா? இறால் கிரந்திதானே, புண்ணுக்கு ஆகாதுதானே? பக்கத்து வீட்டு மாமாவுக்குக் காலையே எடுத்துவிட்டார்கள்.
– வாசகி, வெல்லாவெளி

பதில்: தங்கச்சி, 'வலியே இல்லை' என்ற வரிதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. புண்ணோடு வயலில் நடக்கிறவருக்கு வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் சீனி நரம்பைக் கெடுத்துவிட்டது. கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் நூலால் உள்ளங்காலைத் தொடுவோம். நூல் வளைந்து நிற்கும்போதே, கண்ணை மூடியபடி "எப்ப டொக்டர் தொடுவீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆடி மாதக் கோயில் மணலில் கொப்புளம் போட்டதே தெரியாமல் வருகிறவர்களும் அவர்கள்தான்.

நாளைக் காலையே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். இன்றிரவு புண்ணைச் சுற்றிய சிவப்பின் ஓரத்தில் பேனையால் கோடு போடுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, நாற்றம், கறுப்பு, காய்ச்சல் எது கண்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கிருமி எலும்புக்குப் போகுமுன் வந்தால் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிவிடலாம்.

அந்த ஜெல் பொய்யில்லை. அது ஹைட்ரோஜெல் வகை. ஹைட்ரோஜெல் என்பது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பொலிமர் (நீண்ட மூலக்கூறுச் சங்கிலி) வலை. மென்மையான கொன்டாக்ட் லென்ஸும் அதே இனம்தான். வலையில் போரோனிக் அமிலத்தைச் சேர்த்தால் குளுக்கோஸ் அதில் ஒட்டும், வலை வீங்கும், உள்ளே உள்ள மருந்து கசியும். எங்கள் நோயாளிகளுக்கு அது கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் இப்படிப்பட்டவை பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலும்தான். அண்ணாவால் வாங்கி அனுப்பக்கூடியது சாதாரண ஈர ஜெல். அது காய்ந்த புண்ணுக்கு. நீர் வழியும் புண்ணில் வைத்து மூடினால் சுற்றியுள்ள தோலும் ஊறிக் கெடும். எந்த ஜெல்லைப் பூசினாலும், மிதித்துக்கொண்டே திரிந்தால் புண் ஆறாது. பாரம் விழாமல் பார்ப்பதுதான் பாதி வைத்தியம். அதனால் இன்றோடு வயல் நிற்கட்டும்.

இறால் தாராளமாகக் கொடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், கிரந்தி என்று எதுவும் இல்லை. மஞ்சளை நிறுத்துங்கள். கேட்டு வாங்கிய குளிசையையும்தான். எந்தக் கிருமி என்றே பார்க்காமல் அன்டிபயோட்டிக் விழுங்குவதை எத்தனை தரம் சொல்லியும் விடுகிறீர்கள் இல்லையே! நாளைக்குப் போகும்போது அந்தக் குளிசையின் வெற்று அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.