கூட்டத்தில் ‘குமார்’ என்று கத்துகிறவர்கள்

கேள்வி: இரண்டு பார்சலுக்குக் காத்திருந்த நேரம் பார்த்து, ‘முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது, 12 மணி நேரத்துக்குள் லிங்கில் சரிசெய்யவும்’ என்று எஸ்.எம்.எஸ். வந்தது. திறந்தால் கூரியர் கம்பெனியின் பக்கம் அச்சு அசலாக இருந்தது. மறு டெலிவரிக்கு ஒரு சின்னத் தொகை கேட்டது. கார்டு விவரத்தைப் போட்டேன். ஓ.டி.பி. கேட்டபோது ஏனோ கை நின்றுவிட்டது, மூடிவிட்டேன். பணம் போகவில்லை. தப்பித்துவிட்டேனா? நான் காத்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? - ஒரு வாசகி

பதில்: பாதிதான் தப்பித்திருக்கிறீர்கள். கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு போன் செய்து, கார்டை பிளாக் பண்ணச் சொல்லிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

செய்துவிட்டீர்களா? சரி. நீங்கள் காத்திருந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. கூட்டம் நிறைந்த இடத்தில் சும்மா ‘குமார்!’ என்று கத்திப் பாருங்கள், நாலு பேர் திரும்புவார்கள். அதே கதைதான். ஒரே மெசேஜை ஆயிரக்கணக்கான எண்களுக்குத் தூவுகிறார்கள். அன்றைக்கு யாராவது பார்சலுக்குக் காத்திருக்கத்தானே செய்வார்கள்? உங்களுக்கு வந்ததை மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரோ, பொருள் வாங்கிய கடையின் பெயரோ அதில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஒன்பது வருடம் ஒரு கூரியர் அலுவலகத்தில், டெலிவரி ஆகாத பார்சல்களுக்கான மேஜையில் உட்கார்ந்திருந்தவன். கதவு எண் விட்டுப்போன பார்சல் வந்தால் லேபிளில் இருக்கும் போன் நம்பருக்கு அடிப்போம். எடுக்காவிட்டால் மறுநாள் இன்னொரு தடவை. அதற்கும் மசியாவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம். 12 மணி நேரக் கெடு வைத்து யாரையும் விரட்டியதில்லை. விரட்டுகிற அளவுக்கு எங்களுக்கு நேரமும் இருந்ததில்லை!

அப்படிப்பட்ட நானே போன வருடம், புதுக் கண்ணாடிக்குக் காத்திருந்தபோது, இதே மாதிரி லிங்கைத் தட்டினேன். பழைய கண்ணாடி உடைந்திருந்ததால் எழுத்துகூடச் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் பெயர், தெரு, ஊர் என்று எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டது. பாதி அடித்த பிறகுதான் உறைத்தது: பார்சல் இவர்கள் கையில் இருக்கிறதென்றால் முகவரியும் அதன் மேலேயே ஒட்டியிருக்குமே, கதவு எண் மட்டும்தானே கேட்க வேண்டும்?

அந்தச் சின்னத் தொகை வெறும் தூண்டில் புழு. கார்டு விவரத்தைப் போட்டதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்திருக்குமே, பெரும்பாலும் அந்த நேரத்தில் மறுமுனையில் உங்கள் கார்டைத் தங்கள் போனிலுள்ள வாலட்டில் (கார்டுக்குப் பதிலாக போனைக் காட்டியே பணம் கட்ட உதவும் ஆப்) ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதை உறுதிசெய்யும் ஓ.டி.பி. உங்கள் நிஜ பேங்கிலிருந்தே உங்களுக்கு வரும். நாம் எண்ணை மட்டும் பார்க்கிறோம், பக்கத்தில் எதற்கான எண் என்று எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. அதைக் கொடுத்திருந்தால் உங்கள் கார்டு அவர்கள் போனிலும் இருந்திருக்கும். நீங்கள் கொடுக்கவில்லைதான், ஆனாலும் கார்டு விவரம் அவர்கள் கையில் இருக்கிறது. உடனே முயலாமல் சில வாரம் கழித்தும் எடுக்கப் பார்ப்பார்கள். ‘பணம் போகவில்லை’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பது அதனால்தான்.

கேள்வி: மெசேஜ் கூரியர் கம்பெனியின் பெயரிலேயே, பழைய உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே வந்தது. லிங்கில் பூட்டுப் படமும் இருந்தது. பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்: அனுப்புநர் பெயர் என்பது வெறும் எழுத்து. அதைப் போலியாகப் போட்டு அனுப்ப வழி இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் போன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வரிசையில் சேர்த்துவிடும். பூட்டுப் படம், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது.

லிங்கைப் பின்னாலிருந்து படியுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டில் நில்லுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வந்தால், கடைசிப் புள்ளிக்கு இருபுறமும் உள்ள இரண்டு துண்டுகள்தான் வீட்டுக்காரர். (சில நாட்டு முகவரிகளில் மூன்று துண்டு.) ‘கம்பெனி பெயர், புள்ளி, காம், சிறுகோடு, டிராக், புள்ளி, டாப்’ என்று இருந்தால், ‘காம்’ வரை பார்த்து நம்பிவிடுவோம். ஆனால் அதன் சொந்தக்காரர் ‘காம்-டிராக் புள்ளி டாப்’. முன்னால் ஒட்டியிருக்கும் கம்பெனி பெயர் வாசலில் மாட்டிய பொய்ப் பலகை. சுருக்கிய லிங்கில் இதைக்கூடப் பார்க்க முடியாது.

உண்மையைச் சொன்னால், நான் இந்த ஆராய்ச்சியையும் விட்டுவிட்டேன். எதையும் தட்டாமல், பொருள் வாங்கிய ஆப்பை நானே திறந்து ஆர்டர் எங்கே நிற்கிறதென்று பார்ப்பேன். வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்க வரி கேட்டு நிஜமாகவே மெசேஜ் வருவதுண்டு. அதற்கும் இதே வழிதான். கம்பெனி முகவரியை நானே டைப் செய்து, கடை கொடுத்த டிராக்கிங் நம்பரைப் போட்டால் நிலுவை இருப்பது தெரிந்துவிடும்.

கேள்வி: லிங்க் திறக்கவில்லை என்றால் ‘ஒய்’ என்று பதில் அனுப்பச் சொல்கிறார்களே, அனுப்பலாமா?

பதில்: கூடாது. ஐபோனில் தெரியாத எண்ணிலிருந்து ஐமெசேஜில் வரும் லிங்க் சும்மா தட்டினால் திறக்காது. நீங்கள் பதில் போட்டால், தெரிந்தவர் என்று நினைத்து போன் திறந்துவிட்டுவிடும். பூட்டை உங்கள் கையாலேயே திறக்கவைக்கும் வேலை.

ஆண்ட்ராய்டில் ‘பார்சலைப் பின்தொடர இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்று வந்தால் இன்னும் மோசம். 2021இல் பல நாடுகளில் பரவிய ஃப்ளூபாட் என்ற திருட்டு ஆப் இப்படித்தான் நுழைந்தது. பேங்க் விவரங்களைத் திருடியதோடு, அந்த போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அதே மெசேஜை அனுப்பியது. 2022இல் 11 நாட்டுப் போலீஸ் சேர்ந்துதான் முடக்கினார்கள். அப்படி ஏதாவது ஆப்பை ஏற்றிவிட்டீர்கள் என்றால் உடனே நெட்டை அணையுங்கள். பேங்குக்கு வேறு போனிலிருந்து பேசுங்கள். அப்புறம் உங்கள் போனை ஃபேக்டரி ரீசெட் (உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுசு போல ஆக்குவது) செய்துவிடுங்கள், படங்கள் போகுமே என்று தயங்காதீர்கள்.